பெடலில் மட்டும் ஓடும் கால்கள்

கருப்பன் துணை
ஆனையூர், மதுரை
6 ஜூலை 2024

அன்புத் தம்பி தங்கப்பாண்டிக்கு அக்கா ஜெயக்கொடி எழுதுவது. நானும் உன் மச்சானும் இங்கே சுகம். மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா, அதை முதலில் எழுது.

கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையால் எழுதச் சொன்னது டாக்டர் பிருந்தா. இந்த நடுக்குவாதம் வந்தவர்களுக்கு எழுத்து நாளாக ஆக எறும்பு வரிசை மாதிரிச் சுருங்கிவிடுமாம். தினமும் ஒரு பக்கம் பெரிதாக எழுதிப் பழகினால் கை சொன்னபடி கேட்கும் என்றார். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். என் குரல்தான் உள்ளே போய்விட்டதே. போனில் நீ "சத்தமாப் பேசுக்கா" என்கிறாய், நான் கத்துவதாக நினைத்துக்கொண்டு முணுமுணுக்கிறேன். உன் சுரங்கத்து முகாமில் சிக்னலும் கிடையாது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். சைக்கிளை விடாதீர்கள் என்றார். நடை தடுமாறுகிறவர்களுக்குக்கூடச் சைக்கிள் ஓட்ட வருமாம். பெடல் சுற்றுகிற தாளம் காலை இழுத்துக்கொண்டு போகும். மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் மட்டும் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கென்ன, கல்லூரிக் காலத்திலிருந்து ஓட்டுகிறவள். வெயில் ஏறுவதற்குள் கிளம்பி, ஐயர் பங்களா, மூன்றுமாவடி, மாட்டுத்தாவணி, உத்தங்குடி என்று ஒத்தக்கடை அலுவலகம் வரை சைக்கிளில்தான் போகிறேன். இறங்கும்போது என் உடம்பு மறுபடி என்னுடையதாக இருக்கிறது.

தெருவில்தான் பொறுக்க முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா சொல்கிறார், "கவருமெண்டு உத்தியோகம் பாக்குற பொம்பள ஒரு ஸ்கூட்டி வாங்கக்கூடாதா." அலுவலகத்தில், "ஒடம்பு முடியலன்னா வீட்ல படுக்கணும்" என்கிறார்கள். படுத்தால்தான் நோயாளி என்று யார் எழுதிவைத்தது? அடுத்த மாதம் எங்கள் பிரிவை மாடிக்கு மாற்றுகிறார்கள். லிஃப்ட் கிடையாது. பார்க்கலாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். பதில் எழுது.

அக்கா ஜெயக்கொடி

*

முகாம், இமாசலம்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் வந்த அன்று முகாமில் எல்லாரும் கேலி செய்தார்கள். இந்தக் காலத்தில் கடிதம் வருவது எனக்கு மட்டும்தான். நம்ம பக்கத்துப் பையன், செக்கானூரணி மருது, என் குழுவில் பாறையில் துளை போடுகிறவன், உறையை வாங்கி ஸ்டாம்பை முகர்ந்து பார்த்தான். "அண்ணே, மதுர வாசன அடிக்குது" என்றான். அடித்தது பசை வாசனைதான்.

உன் எழுத்து நன்றாகவே இருக்கிறது. கடைசி வரிகள் மட்டும் கொஞ்சம் சுருங்கியிருக்கின்றன. அங்கே மேலூர் ரோட்டில் லாரி எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். ஓரமாகப் போ. மழை நாளில் மட்டுமாவது பஸ்ஸில் போய்விடு.

இங்கே மழை விடவில்லை. மேலே பாறை சரிந்து பாதை மூடிவிட்டது, சாமான் வர வழியில்லை. ஆனாலும் மலைக்குள்ளே வேலை நிற்கவில்லை. என்னை இப்போது போர்மேனாகப் போட்டிருக்கிறார்கள். சுரங்கத்துக்குள் நான் கை காட்டினால்தான் மெஷின் நகரும். கொஞ்சம் இருமல் இருக்கிறது. குளிர்தான்.

வில்லாபுரம் போனால் மீனாவைப் பார்த்துவிட்டு வா. புருஷன் இருந்தும் வீட்டில் தனியாகக் கிடக்கிறாள்.

தம்பி தங்கப்பாண்டி

*

ஆனையூர்
20 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு, இருமலுக்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடி. அங்கே கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன். எங்கள் இருவருக்கும் குறைவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வயிறு எரிகிறது.

மாடிக்கு மாற்றிவிட்டார்கள். முதல் நாள் படிக்கட்டுக்கு முன்னால் போய் நின்றேன். கால் எழவில்லை. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. மழை பெய்த கரிசல் காட்டில் கால் புதைந்தால் எப்படி இருக்கும், அப்படி. உடம்பு முன்னால் போகிறது, கால் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். ஒருத்தர், "போன் பாக்குறதுன்னா ஓரமா நின்னு பாருங்க மேடம்" என்றார். என் கையில் போனே இல்லை.

கீழ்த்தளத்தில் தபால் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அதைக் கேட்டுக் கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"ஆனையூர்லேர்ந்து சைக்கிள்ல வாரீங்க. இந்த மாடி ஏற முடியாதா?"

"முடியல சார். பெடல்ல கால் ஓடும். தரையில நின்னுரும்."

"அதென்னங்க நோயி, எடம் பாத்து வருது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என்னோடு தினமும் சாப்பாட்டை மாற்றிச் சாப்பிடுகிறவர்களும் இருந்தார்கள். மருத்துவக் குழுவில் ஊனச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் கீழே இடம் என்று முடித்துவிட்டார். டாக்டர் பிருந்தாவின் கடிதத்தை, "இதெல்லாம் காசு குடுத்தா யாரும் தருவாங்க" என்று தள்ளினார். அந்த அம்மாள் இருபது நிமிடம் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம் அது.

விண்ணப்பித்துவிட்டேன். உன் குரல் கேட்க முடியாவிட்டாலும் உன் எழுத்தாவது வரட்டும்.

அக்கா

*

ஆனையூர்
24 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு, ஆகஸ்டில் எழுதியதற்கு உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பாதை மூடிக்கிடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். சுகமாக இருக்கிறாய் என்று மீனா சொன்னாள். அவளிடம் நீ சொன்னதைத்தான் அவள் என்னிடம் சொல்வாள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மாட்டுத்தாவணிப் பக்கம் ரோடு எது, சாக்கடை எது என்று தெரியவில்லை. முதல் நாள் உன் மச்சான், "இன்னிக்கி வேணாம்" என்றார். வேண்டாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். ஒரு நாள் இரண்டு நாளானது. மூன்றாம் நாள் காலையில் ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியவில்லை, அவர்தான் மாட்டிவிட்டார். உட்கார உட்கார உடம்பு களிமண்ணாக இறுகுகிறது. அன்றைக்கே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவர் மட்கார்டுக்குப் பின்னால் ரப்பர் துண்டு ஒன்றை வைத்துக் கட்டினார், முதுகில் சேறு அடிக்காமல் இருக்க. டிப்போவில் பஸ்ஸுக்கு வேலை பார்க்கிற கை, சைக்கிளுக்கு நிமிடத்தில் செய்துவிட்டது.

உத்தங்குடி தாண்டும்போது யாரோ காரிலிருந்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். மழையில் நான் மிதித்துப் போகிறேன். அதன் மேல் எழுதியிருக்கிறார்கள்: 'மாடிப்படி ஏற முடியாத அம்மாவைப் பாருங்கள்'. அலுவலக வாட்ஸாப் குழுவில் போட்டு, வயிறு வலிக்கச் சிரிக்கிற பொம்மை முகங்களாகப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். மறுநாள் மெமோ. 'நோயுற்றதாகப் பொய்யான தகவல் அளித்துச் சலுகை கோரியது ஏன் என்பதற்கு விளக்கம் தருக.' நான் பார்த்த இத்தனை வருட வேலையில் ஒரு கோப்பு என் மேசையில் தூங்கியதில்லை. என்னைப் பொய்க்காரி என்று எழுதி, அதை வாங்கிக்கொண்டதற்கு என்னிடமே கையெழுத்தும் வாங்கினார்கள். கை நடுங்கியது. அதையும் கண்காணிப்பாளர் பார்த்தார். பயத்தில் நடுங்குகிறேன் என்று நினைத்திருப்பார்.

விளக்கம் எழுதிக்கொடுத்துவிட்டேன். இப்போது எல்லாம் மருத்துவக் குழுவின் கையில். நீ என்ன நினைக்கிறாய், எழுது.

அக்கா

*

முகாம்
5 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, நலம்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

அக்கா, கோபப்படாமல் படி. உலகம் உன் டாக்டர் அம்மா மாதிரி இல்லை. மருத்துவக் குழு முன்னால் போகிற அன்றைக்கு மாத்திரையைப் போடாதே. முந்தின நாளும் போடாதே. அவர்கள் கண்ணால் பார்க்கிறதைத்தான் எழுதுவார்கள். சைக்கிளை மச்சானிடம் சொல்லி மீனா வீட்டில் கொண்டுபோய்ப் போடு. சான்றிதழ் கைக்கு வருகிற வரை அதைத் தொடாதே. கேட்டால் அந்த வீடியோ பழசு என்று சொல்.

இது பொய் இல்லை. உனக்கு நோய் இருப்பது நிஜம்தானே. அவர்களுக்குப் புரிகிற மாதிரிக் காட்டுகிறாய், அவ்வளவுதான். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். எந்தச் சோதனையாக இருந்தாலும் அங்கே போய் நிற்கிறவன் ஒரு வேஷத்தோடுதான் நிற்கிறான். நீ மட்டும் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது?

மழையில் போகாதே.

தங்கப்பாண்டி

*

ஆனையூர்
16 நவம்பர் 2024

தம்பி தங்கப்பாண்டிக்கு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

உன் கடிதத்தை உன் மச்சானிடம் படித்துக் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது. கண்காணிப்பாளர் என்னைப் பொய்க்காரி என்றார், எரிந்தது. நீ பொய்க்காரியாக இரு என்கிறாய். இது அதைவிட எரிகிறது.

மாத்திரையை விட்டால் எனக்கு என்ன ஆகும் தெரியுமா? படுக்கையில் புரள முடியாது. எச்சிலை விழுங்குவதற்கு யோசிக்க வேண்டும். ஒரு நாள் மறந்துபோய் அப்படிக் கிடந்திருக்கிறேன். அந்த நிலையை நானாகப் போய் வாங்கிக்கொண்டு, அவர்கள் முன்னால் விரித்துக் காட்டி, பிச்சை கேட்கவா? நோயை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இடமில்லை, கெடுத்துக்கொள்கிறவளுக்குத்தான் நாற்காலி என்றால் அது என்ன சட்டம்?

சைக்கிளைத் தொடாதே என்கிறாய். இந்த நோய் என்னிடமிருந்து எம்புட்டோ எடுத்துக்கொண்டது. குரல் போனது, கையெழுத்து போகிறது, சிரித்தால் முகம் சிரிப்பதில்லை. மிதிப்பதை மட்டும் அது இன்னும் தொடவில்லை. அதை ஒளித்துவைக்கச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? மழையில் நனைந்து ஓட்டுவது எனக்கும் பிடிக்கவில்லை. ஓட்டாவிட்டால் மறுநாள் நான் இல்லை, அதனால் ஓட்டுகிறேன்.

நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே போய் நிற்பேன்.

நீ இப்படிப் பேசுகிறவன் இல்லை. எங்கே கற்றுக்கொண்டாய் இதை?

ஜெயக்கொடி

*

ஆனையூர்
9 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு, நான் எழுதியது உன்னைச் சுட்டிருக்கும். அதனால்தான் பதில் இல்லை என்று நினைக்கிறேன். கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. இங்கே மச்சான் சுகம்.

மருத்துவக் குழுவுக்குப் போய்விட்டு வந்தேன். மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டேன். காத்திருந்த நேரத்தில் அது வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. உள்ளே மூன்று பேர். "நடங்க" என்றார்கள், நடந்தேன். "கையை நீட்டுங்க" என்றார்கள், நீட்டினேன். லேசாகத்தான் ஆடியது. அலுவலகத்திலிருந்து அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் இருந்தவர் போனை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானம்மா?"

"நான்தான் சார். போன மாசம்."

"பழைய வீடியோன்னு சொல்லலாமே," என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நிறையப் பேர் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது. எனக்கு உன் ஞாபகம் வந்தது.

கால் உறைவதைச் சொன்னேன். நேரத்துக்கு நேரம் மாறும் என்று சொன்னேன். "இப்ப நல்லாத்தானே இருக்கீங்க" என்றார்கள். தேவையான அளவு ஊனம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்தேன். வராந்தா வாசலில் கால் நின்றுவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்து, சார் இப்போது பாருங்கள் என்று கூப்பிட்டேன். என் குரல் அவர்கள் வரை போகவில்லை.

அந்த வாரம் நான் சைக்கிளை எடுக்கவில்லை. மழையில்லை, உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. மனம்தான் வரவில்லை. ஆட்டோவில் போனேன், மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். ஒரு நாள் காலையில் எழுந்தால் உன் மச்சான் சைக்கிளை வெளியே எடுத்து வைத்து, இரண்டு டயருக்கும் காற்றடித்துக்கொண்டிருந்தார். "அவங்ய எழுதித் தரலைன்னா ஒனக்கு நோயி இல்லைன்னு ஆயிருமா? கெளம்பு," என்றார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கிளம்பினேன். யானைமலை முகடு பனியில் தெரியவே இல்லை. போகப் போகத் தெரிந்தது.

மேல்முறையீடு செய்யப்போகிறேன். நீ எழுது தம்பி.

அக்கா

*

முகாம்
20 டிசம்பர் 2024

மதிப்புள்ள அக்காவுக்கு, செக்கானூரணி மருது வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நல்லா இருக்க வேண்டும். உங்கள் முகவரியை உறையின் பின்பக்கம் பார்த்து எடுத்தேன். அண்ணனுக்குத் தெரியாது.

அண்ணன் ஒரு மாதமாகக் கீழே டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டுக்குச் சொல்லக் கூடாது, அதிலும் அக்காவுக்குச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சுரங்கத்துக்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாமான் வண்டியில் படுக்கவைத்து வெளியே கொண்டுவந்தோம். நெஞ்சில் கல்தூசி படிந்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டுதான் பாறையில் துளை போட வேண்டும், அப்போது தூசி பறக்காது. தண்ணீர் வைத்தால் வேலை மெதுவாகும் என்று இங்கே காய்ச்சலாகவே போடச் சொல்வார்கள். காய்ச்சல் என்றால் எங்கள் பேச்சில் வறட்டுத் துளை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குழாயில் ஊதிக் காட்டும் சோதனை உண்டு. மூச்சு பத்தாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போன இரண்டு தடவையும் அண்ணன் பேருக்கு நான்தான் ஊதினேன். "மாப்ள, ஒரு தடவ ஊதிக் குடுறா" என்றார். எனக்கு மறுக்க வாய் வரவில்லை. கம்பெனி கம்பவுண்டருக்கும் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்கள் காகிதத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பதில் எழுதலையா அண்ணே என்றேன். "என்னத்த எழுத, அவ கேட்டதுக்குப் பதிலு இதுதான்," என்று மூக்கில் இருந்த குழாயைக் காட்டினார்.

தப்பாக எண்ண வேண்டாம்.

மருது

*

ஆனையூர்
29 டிசம்பர் 2024

தம்பி,

சுகமா என்று இனி கேட்க மாட்டேன். நீ சொல்வதை நம்ப மாட்டேன்.

மருது மேல் கோபப்படாதே. கோபப்பட்டால் என்னைத் தாண்டித்தான் படவேண்டும். மீனாவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, என்னைப் போலவே அவளுக்கும் முதலில் கோபம்தான் வந்தது. அவளும் அவள் அண்ணனும் கிளம்பி வருகிறார்கள்.

நோய் இல்லாதவன் மாதிரி நீ நடித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பழக்கத்தில்தான் நோயாளி மாதிரி நடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். 'கொஞ்சம் இருமல்' என்று எழுதினாயே, அதை நான் சுக்கு மிளகோடு விட்டேனே, அதற்கு என்னை என்ன சொல்வது?

உன் மேல் வருகிற கோபத்தைவிட அந்த ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட ஆள் மேல் வருகிறது. போர்மேன் என்று பெயர் கொடுத்தார்கள், ஒரு குழாயில் தண்ணீர் கொடுக்கவில்லை. ஒரே மூச்சு இரண்டு பேர் பெயரில் ஊதப்படுகிறது, ஒருத்தனும் கேட்கவில்லை. என்னை ஒரு வீடியோவை வைத்துத் துருவித் துருவிக் கேட்டார்களே, உன்னை ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை? என் நோயை ஒத்துக்கொண்டால் அலுவலகத்துக்கு இடைஞ்சல், அதனால் துருவினார்கள். உன் நோய் தெரிந்தால் கம்பெனிக்கு இடைஞ்சல், அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுத்து சுருங்குகிறது. கோபத்தில் கை கேட்கவில்லை. வீட்டுக்கு வா.

அக்கா

*

ஆஸ்பத்திரி
18 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மீனா வந்துவிட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னைக்கு இப்போது மூச்சு பரவாயில்லை. இந்தத் தூசி போகாதாம், மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

நீ எழுதியதெல்லாம் சரி. ஆனால் ஒன்று. உனக்கு நோய் இருக்கிறது என்று காட்டினால்தான் வேலையில் இடம். எனக்கு இல்லை என்று காட்டினால்தான் வேலை. நாம் இரண்டு பேரும் உள்ளதை உள்ளபடி சொன்னால் கேட்க ஆள் இல்லை. நீ சொல்லிப் பார்த்தாய், என்ன கிடைத்தது? மாடிப்படிதான் கிடைத்தது. மூச்சு போனதைச் சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்கே பஸ் டிக்கெட். அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்து அப்பா நம்மை வளர்த்தார். அந்த மலைக்குள்ளே நூறு பேர் என் கையைப் பார்த்து நின்றார்கள் அக்கா. அதை விட்டுவர எனக்கு மனம் இல்லை.

கம்பெனியிலிருந்து வந்து ஒரு தாளை நீட்டினார்கள். சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஊருக்கு வருகிறேன். யாரும் பார்க்க வரவேண்டாம். நீயும்.

தங்கப்பாண்டி

*

ஆனையூர்
2 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

ஆனையூரிலிருந்து வில்லாபுரத்துக்குத் தபால் போடுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். நீ வந்த பிறகு இரண்டு தடவை வந்துவிட்டேன். தூங்குகிறார் என்றாள் மீனா. கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. தூங்குகிறவன் இருமலை அடக்கமாட்டான்.

உனக்குச் செய்தி சொல்ல வேண்டும். மேல்முறையீட்டில் வேறு குழு. நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்டேன். காலை மாத்திரையைத் தள்ளிவைத்துக்கொண்டு வருகிறேன், உங்கள் முன்னாலேயே நிற்கிறேன், பிறகு உங்கள் முன்னாலேயே போடுகிறேன், இரண்டையும் பாருங்கள் என்றேன். நீ சொன்னதைத்தான் செய்தேன் என்று நினைக்காதே. ஒளித்துச் செய்தால் அது ஏமாற்று. சொல்லிவிட்டுச் செய்தால் அது சோதனை. ஒரு இளம் டாக்டர் எழுந்து வந்து என் பக்கத்திலேயே நடந்தார். வாசல்படியில் கால் நின்றதும் அவரும் நின்றார், அவசரப்படுத்தவில்லை. மாத்திரை போட்டு, ஆஸ்பத்திரி வளாகத்தில் சைக்கிள் ஓட்டியும் காட்டினேன். "புஸ்தகத்துல படிச்சிருக்கேன்மா, இப்பத்தான் பாக்குறேன்" என்றார். சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். தபால் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன்.

மெமோவுக்கு ஒரு வரிப் பதில் வந்தது. 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது.' கைவிடப்பட்டது நானல்லவா? பொய்க்காரி என்று எழுதியதைத் தவறு என்று எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீடியோ எடுத்தவர் யாரென்றும் கேட்டிருக்கிறேன். பதில் வராது. மறுபடி கேட்பேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சொந்த விருப்பத்தில் விலகினாயா? மூச்சை நீ விருப்பப்பட்டா விட்டாய்? தொழிலாளர் துறைக்கு மனு எழுத வேண்டும். நீ செய்த ஏமாற்று வெளியே வரும் என்று பயப்படுகிறாய். வரட்டும். நீ ஊதாத சோதனையில் உன் பெயரை எழுதியவனுக்குத்தான் அது பெரிய கேடு.

வரும் ஞாயிறு வருகிறேன். வெயில் இப்போதே சுடுகிறது, விடிந்ததும் கிளம்புவேன். நீ தூங்கினாலும் வருவேன்.

மோர் குடி. குளிர்ந்த தண்ணீர் வேண்டாம்.

அக்கா

*

வில்லாபுரம், மதுரை
11 மார்ச் 2025

அன்புத் தம்பி மருதுவுக்கு,

அண்ணன் தங்கப்பாண்டி எழுதுவது. நீயும் முகாமில் மற்றவர்களும் எப்படி இருக்கிறீர்கள்? நான் இருக்கிறேன். நாலு அடி நடந்தால் நிற்க வேண்டியிருக்கிறது. நீ அக்காவுக்கு எழுதியதற்கு முதலில் உன்மேல் ஆத்திரப்பட்டேன். இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வைகைப் பாலம் தாண்டி, தெற்குவாசல் நெரிசலில் நுழைந்து, சைக்கிளில்தான். மணிச்சத்தம் கேட்டது. நான் அறைக்குள்ளேயே இருந்தேன். மீனா குளித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது, வரட்டும், வந்து கத்தட்டும் என்று படுத்திருந்தேன். ஆள் வரவில்லை. ரொம்ப நேரம் ஆகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை நிலையைப் பிடித்திருக்கிறது. உடம்பு முன்னால் சாய்கிறது, பாதம் இரண்டும் தரையில் தைத்துவைத்த மாதிரி. வியர்வை கொட்டுகிறது. உதடு அசைகிறது, என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். சத்தமே இல்லை. அம்புட்டுத் தூரம் மிதித்து வந்தவளால் இந்த ஒரு படியைத் தாண்ட முடியவில்லை. இவளைத்தான் நான் நடிக்கச் சொல்லி எழுதினேன்.

நான் ஓடினேன் மருது. ஓடி, மூச்சு வாங்கி, நானும் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இழுத்து உள்ள விடவாக்கா?" என்றேன்.

"இழுத்தா விழுந்துருவேன். ஒன் காலை எனக்கு முன்னால குறுக்க வையி."

"எதுக்கு?"

"தாண்ட ஒண்ணு இருந்தா கால் எந்திரிக்கும். வையிடா."

வைத்தேன். என் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கால் எழுந்தது. என் காலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டாள். உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். "தாளை எடு, மனு எழுதுவோம்" என்றாள். என் மூச்சு ஒரு வரிக்கு மேல் சொல்ல விடவில்லை, அவள் கை ஒரு வரிக்கு மேல் பெரிதாக எழுதவில்லை. மாற்றி மாற்றி எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. என் பெயரில் வேறொருவர் ஊதியதையும் எழுதினோம். உன் பெயரைப் போடவில்லை. போடலாமா வேண்டாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் எனக்கு வருத்தமில்லை, உனக்கு அங்கே வேலை இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜூனில் மறுபடி சோதனை வரும். என்னை மாதிரி எவனாவது உன்னிடம் வந்து, மாப்ள ஒரு தடவை ஊதிக் கொடு என்பான். அழுவான், கெஞ்சுவான். ஊதாதே. உன்னைத் திட்டுவான், திட்டட்டும். கையைப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

தண்ணீர் இல்லாமல் மெஷினைத் தொடாதே. உன் ஆத்தாவைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அண்ணன்
தங்கப்பாண்டி